ஓவியத்தின் முதல் விலை

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு பொழிந்த கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே யுத்தத்தின் நடுவே, அடுத்த ஆண்டு கொழும்பில் நடந்த இன்னொரு சம்பவத்தை எம்மில் அநேகர் அறியோம். 1943 ஆகஸ்டில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் முயற்சியால் ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்புத் தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ முதலானோர் அதில் இருந்தனர்.

ஓவியச் சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று அன்று இந்நாட்டில் இருக்கவில்லை. குழுவில் ஒருவரான ஹரி பீரிஸ் தன் தோழர்களின் படைப்புகளைச் சேர்த்து, கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலுள்ள தன் வீட்டிலே பேணினார். 1974 இல் அவர் நிறுவிய சபுமல் மன்றத்தின் வசம் அவை சேர்ந்தன. 1988 இல் அவர் மறைந்த பின்னும் அந்தச் சுவர்களில் ஒரு தலைமுறையின் கலை நிலைத்திருக்கிறது. இலாபம் எண்ணிச் சேர்த்திருந்தால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்கும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்த எம்.எப். ஹுஸைன், 1954 இல் ‘கிராம யாத்திரை’ என்ற நீண்ட ஓவியத்தைத் தீட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் பணிக்காக டில்லியில் இருந்த நோர்வே வைத்தியர் லியோன் வொலொடார்ஸ்கி அதனை அவ்வாண்டே வாங்கினார். பின்னர் அது ஒஸ்லோ வைத்தியசாலை ஒன்றுக்கு உரித்தாயிற்று. 2025 மார்ச்சில் நியூயோர்க் ஏலத்தில் அதன் விலை 137 இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்தப் பணம் வைத்தியர்களின் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. 2011 இல் காலமான ஹுஸைனின் கைக்கு அந்த ஓவியத்தால் வந்தது 1954 இன் முதல் விலை மட்டுமே.

மறுவிற்பனையில் ஓவியருக்கும் பங்கு உண்டு எனப் பிரான்ஸ் 1920 இலேயே சட்டம் இயற்றியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தின் மூலம் அவ்வுரிமை சேர்ந்தது. ஆனால் சட்டம் எட்டாத இடங்களே உலகில் அதிகம். அங்கெல்லாம் ஓவியருக்கு உறுதியானது முதல் விலை ஒன்றுதான். ஆகவே வாங்குபவரின் நேர்மை அந்தக் கணத்திலேயே சோதிக்கப்படுகிறது.

நேரடியாக வாங்குவதற்கு எம் நாட்டிலும் வழி உண்டு. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 இல் தொடங்கிய ‘கலா பொல’ கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் கூடுகிறது. பொல என்றால் சந்தை. ஓவியரே தன் படத்தருகே நின்று விலை சொல்வார். வாங்குவோர் ஓவியரின் கையொப்பமும் ஆண்டும் உள்ளனவா எனப் பார்த்து, ஒரு பற்றுச்சீட்டும் கேட்டு வைத்தால், நாளை அது உண்மைப் படமா என்ற கேள்விக்கு அதுவே சாட்சி.

இவற்றையெல்லாம் நான் அறிந்தது பிந்தித்தான். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், தோணிகளுக்குப் பெயர் எழுதும் ஒருவர் தான் வரைந்த துறைமுகக் காட்சியொன்றைக் காட்டினார். ஆயிரத்தைந்நூறு ரூபா கேட்டார். நான் பாதி சொன்னேன். “பரவாயில்ல சேர், வீட்டிலயே இருக்கட்டும்” என்று சுருட்டிக்கொண்டு போனார். 2004 டிசம்பர் 26 இல் கடல் அந்த வீட்டுக்குள் புகுந்தது. மனிதர் தப்பினார், படம் போயிற்று.

நான் மிச்சம் பிடித்த எழுநூற்றைம்பது ரூபா எதற்குச் செலவாயிற்று என்பது இன்று நினைவில் இல்லை. அந்தப் படத்தின் நீலம் மட்டும் நினைவிருக்கிறது.