அலமரல் என்னுஞ் சொல்

மனம் ஓரிடத்தும் நிலைகொள்ளாது அஞ்சித் தடுமாறும் நிலையைக் குறித்தற்குத் தமிழிற் பல சொற்கள் உள. கலக்கம், துளக்கம், பதைப்பு என்பன யாவரும் அறிந்தவை. அலமரல் என்பது அவற்றினும் பழைய வழக்குடையது. இக்காலத்துப் பேச்சில் அருகிவிட்டது. அதனாற்போலும், பழைய செய்யுட்களுக்குக் குறிப்பு வரைவோருட் பலர் இச்சொல் வருமிடமெல்லாம் 'வருந்துதல்' என்றெழுதி மேற்செல்கின்றனர். அது பிழையன்று, ஆயினும் சொல்லின் உயிரை விட்டு உடலைப் பற்றியதாம்.

தொல்காப்பியனார் உரியியலில் அலமரல், தெருமரல் என்னும் இரண்டற்குஞ் சுழற்சியென்றே பொருள் வகுத்தார். வருத்தமென்றாதல் அச்சமென்றாதல் அவர் கூறிற்றிலர். அவை சுழற்சியினின்று பின்னர்க் கிளைத்த பொருள்கள். வினைவழக்கில் இதன் முதனிலை அலமரு என்பது. வரு என்பது வந்து என்றாதல்போல, இது அலமந்து என்றாகும். இம்முறை அறியாதார் அலமரல் வேறு, அலமந்து வேறு எனக் கொள்ளுதலும் உண்டு.

சங்கச் செய்யுட்களிற் சுழற்சிப்பொருள் தெளிவாக நிற்கின்றது. ஐங்குறுநூற்றின் 64-ஆம் பாட்டில், ஓரம்போகியார் புதுப்புனலாடும் மகளிர் கூட்டத்திற்கு இச்சொல்லை அடையாக்கினார். நீரிடைச் சுழன்று திரியும் ஆயம் அது. ஆண்டு அம்மகளிர்க்குத் துயர் சிறிதுமில்லை, விளையாட்டே உள்ளது. குறுந்தொகை 28-ஆம் பாட்டில் ஔவையார் இதனைக் காற்றின்மேல் வைத்தார். ஊரெல்லாம் உறங்க, உறக்கமின்றிச் செய்வதறியாது நிற்கும் தலைவியைச் சுழல்காற்று அலைக்கின்றது. அவள் நோய்க்கு உயவு என்னும் வேறு சொல் அமைந்துள்ளது. ஆயினும் சுழலுங் காற்றும் நிலையிழந்த நெஞ்சும் ஒரு பாட்டில் அடுத்தடுத்து நிற்றலால், புறத்துச் சுழற்சி அகத்துச் சுழற்சியாதற்கு வழி இதுவென அறியலாம்.

அவ்வழியின் முடிவு 7-ஆம் நூற்றாண்டிலே திருவையாற்றிற் காணப்படுகின்றது. முதல் திருமுறையின் 130-ஆம் பதிகத்து முதற் பாட்டில், திருஞானசம்பந்தர் இறக்கும் பொழுதினைக் கூறுகின்றார். ஐம்புலனும் தத்தம் பொறியிற் கலங்க, செல்நெறி மயங்க, அறிவு அழிய, கோழை மேலெழ, உயிர் அலமரும் அப்பொழுதில் 'அஞ்சேல்' என்று வந்தருள்வான் இறைவன் என்பது முற்பகுதி. அவன் கோயில்கொண்ட ஊரின் இயல்பு பிற்பகுதி. மகளிர் வலம்வந்து நடமாட முழவு அதிர்கின்றது. அவ்வொலியை மழையென்று அஞ்சிய மந்திகள் சில, அலமந்து மரமேறி முகிலைப் பார்க்கின்றன. இறக்கும் உயிர்க்குச் சொல்லிய அதே சொல் குரங்கிற்கும் வந்தது.

எதுகை நோக்கி வந்ததென்று சிலர் கூறுவர். முன்னையது அடிமுதலில் நிற்றலின் அதற்கு அவ்விடை ஒருவாறு பொருந்தும். பின்னையது நான்காமடியின் இரண்டாஞ் சீரில் நிற்கின்றது. அடியெதுகைக்கு அது வேண்டுவதன்று. மேலும் இரட்டித்தது இவ்வொரு சொல் மட்டுமன்று. உயிர்க்கு 'அஞ்சேல்' என்றவர், மந்திக்கு 'அஞ்சி' என்றார். இருசொற்கள் இணைந்து மீண்டும் வருதலை ஓசையின்பத்தால் மட்டும் விளங்கவைத்தல் அரிது. மந்திகள் அஞ்சியது எதனை? இறைவன் திருமுன்னர் முழங்கிய முழவினை. மழை வரவில்லை; வந்ததாகக் கொண்டன. இதனை உயிரினது நிலைக்கு உருவகமென்று ஒவ்வோருறுப்பாகப் பொருத்திக் காட்டப்புகுதல் மிகையாம். பதிகம் அவ்வாறு கூறவில்லை. இரண்டனையும் ஒரு பாட்டில் வைத்தார் என்னும் அளவே பாட்டிற் கிடைப்பது. ஆராய்ச்சிக்கு அது போதும். மேகராகக்குறிஞ்சி என்னும் பண்ணில் அமைந்த பதிகத்திலே குரங்குகள் மேகத்தைத் தேடுதலும் ஓதுவார் நெஞ்சிற்கு இனியதொரு பொருத்தம்.

சித்தாந்த நெறியில் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. வாழ்நாளெல்லாம் பொறிபுலன்களைச் சார்ந்து அவையே தானென நின்ற உயிர், அவை கலங்கியவிடத்துப் பற்றுக்கோடு இன்றிச் சுழலும். 'வருந்திய போது' என்று உரை கூறின் நோவு ஒன்றே பெறப்படும். சார்பு அற்றமை பெறப்படாது. 'சுழன்ற போது' என்றவிடத்தே, அவ்வுயிர்க்கு வேண்டுவது மருந்தன்று, நிலையான சார்பு என்பது தானே போதரும். 'அஞ்சேல்' என்னுஞ் சொல் அச்சார்பு வந்து நின்றமைக்கு அடையாளமாகின்றது.

ஆதலின் இருவிடத்தும் 'மனஞ்சுழன்று' என்று உரைத்தலே நேரிது. மந்திகள் வருந்தி மரமேறின என்பாரை யாது கூறுவது? வருந்திய குரங்கு இருந்த கிளையிலேயே முடங்கிக்கிடக்கும். மனஞ்சுழன்ற குரங்கே கிளைக்குக் கிளை தாவி உச்சியேறி, இல்லாத முகிலைத் தேடும்.