மூன்று நாள் அனுமதி

வெற்றியாளரின் பெயரை வரலாறு மறவாமல் குறித்து வைக்கிறது. ஆனால் அவர் பசித்திருந்த வேளையில் உணவளித்தவர் யார், வழியில் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. 1957ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டுச் சிறுவர் சிலர் பெற்ற பேஸ்பால் வெற்றியை நாம் எண்ணிப் பார்க்கும்போது, இந்த இரண்டாம் வகை மனிதரையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ்போர்ட் என்னும் ஊரில், 1939இல் 'லிட்டில் லீக்' என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு தோன்றியது. அங்கே 1947 முதல் ஆண்டுதோறும் இறுதிப்போட்டி நடந்துவந்தது. பின்னர் அது 'உலகத் தொடர்' என்று அழைக்கப்பட்டது. பெயரில் உலகம் இருந்ததே தவிர, முதல் பத்து ஆண்டுகளில் கோப்பை ஒருமுறையேனும் அமெரிக்க எல்லையைத் தாண்டியதில்லை.

மெக்சிகோவின் வடபகுதியில் எஃகு ஆலைகளால் பேர்பெற்ற நகரம் மொந்தெர்ரே. அந்நகரத்து எளிய குடும்பங்களைச் சேர்ந்த 14 சிறுவர்கள், பயிற்றுநர் சேசர் ஃபாஸ் தலைமையில் அவ்வாண்டு கோடையில் புறப்பட்டனர். எல்லையில் ஓடும் ஆற்றின் பாலத்தை நடந்தே கடந்து, டெக்சாஸ் மாநிலத்து மெக்காலன் நகரை அடைந்தனர். அவர்களுக்குக் கிடைத்த நுழைவு அனுமதி மூன்று நாள்களுக்கு மட்டுமே. முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிவிடுவார்கள் என்பதே பலருடைய கணிப்பு.

அக்காலச் சூழலையும் நாம் மறத்தலாகாது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர், 1954இல், மெக்சிகோ நாட்டுத் தொழிலாளரைப் பெருமளவில் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பும் நடவடிக்கையை அமெரிக்க அரசு மேற்கொண்டிருந்தது. சிறுவர்கள் பயணம் செய்த தென்மாநிலங்களில் நிறவேற்றுமை இன்னும் வேரூன்றியிருந்தது. அத்தகைய மண்ணில்தான் இப்பிள்ளைகள் விளையாட வந்தனர்.

முதல் ஆட்டத்தில் வென்றார்கள், அடுத்ததிலும் வென்றார்கள். வெற்றி வளர வளர, கைப்பணம் கரைந்தது. அனுமதி நாள்களும் தீர்ந்தன. அவ்வேளையில் அந்நிய மண்ணின் சாதாரண மனிதர்கள் அவர்களுக்கு உணவளித்தனர். சிறுதொகைகள் தந்து உதவினர். மெக்சிகோவில் இருந்த அமெரிக்கத் தூதரின் தலையீட்டால் அனுமதியும் நீட்டிக்கப்பட்டது. கார்ப்பஸ் கிறிஸ்டி, ஃபோர்ட் வொர்த், லூயிவில் என ஊர் ஊராகச் சென்று, இறுதியில் வில்லியம்ஸ்போர்ட் வந்து சேர்ந்தனர்.

1957 ஆகஸ்டு 23. எதிரே நின்றது கலிபோர்னியாவின் லா மேசா அணி. அவ்வணிச் சிறுவரின் சராசரி உயரம் 5 அடி 4 அங்குலம்; எடை ஏறத்தாழ 58 கிலோ. மொந்தெர்ரே சிறுவரோ 4 அடி 11 அங்குலம். எடை 42 கிலோ. பந்தெறிய வந்தவன் ஆங்கெல் மாசியாஸ் என்னும் 12 வயதுச் சிறுவன். இரு கைகளாலும் பந்தெறிய வல்லவன்.

சிறுவர் பேஸ்பாலில் ஆட்டத்துக்கு ஆறு சுற்றுகள். சுற்றுக்கு மூவர் ஆட்டமிழக்க வேண்டும். அன்று லா மேசாவுக்காக மட்டை பிடித்தோர் 18 பேர். அவர்களுள் ஒருவர்கூட முதல் தளத்தை எட்டவில்லை. 11 பேர் மாசியாசின் பந்துவீச்சைத் தொட இயலாமலும் மயங்கி நின்றும் வெளியேறினர். ஐந்தாம் சுற்றில் மொந்தெர்ரே 4 ஓட்டங்கள் எடுத்தது. 4-0 என்று வென்றது. அத்தொடரின் இறுதியாட்டத்தில் இத்தகைய பழுதற்ற பந்துவீச்சை வேறெவரும் நிகழ்த்தியதில்லை. தொடர்ச்சியாக 13 ஆட்டங்களில் வென்று, கோப்பையை எல்லை கடத்திச் சென்ற முதல் அணி அதுவே. 'சின்னஞ்சிறு இராட்சதர்கள்' என்று தாய்நாடு அவர்களைக் கொண்டாடியது. 1958இலும் கோப்பை மொந்தெர்ரேக்கே கிடைத்தது.

வெற்றிக்குப் பின் அதிபர் ஐசன்ஹோவர் அச்சிறுவர்களை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். 1954ஆம் ஆண்டு நடவடிக்கையை மேற்கொண்டதும் அவருடைய அரசே. கோப்பையோடு வந்த பிள்ளைகளுக்கு மாளிகைக் கதவு திறந்தது. கூலி வேலை தேடி வந்த அவர்தம் நாட்டவருக்கோ எல்லைக் கதவு மூடப்பட்டது. வென்றவரை வரவேற்பது எளிது. அதற்குப் பெரிய மனம் தேவையில்லை.

ஆகவேதான், வழியில் அவர்களுக்கு உணவளித்த மனிதர்கள் நம் நினைவில் உயர்ந்து நிற்கிறார்கள். அவர்கள் கண்டது வெற்றியாளரை அன்று. மூன்று நாளில் திரும்பிப்போவார்கள் என்று எண்ணப்பட்ட, பசித்த, அந்நியப் பிள்ளைகளை. அந்த உணவு கிடைக்காதிருந்தால், மாசியாசின் கையில் இருந்த திறமையை உலகம் அறிந்திருக்குமா? நம் வாசலுக்கும் அத்தகைய பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் யாராக வளர்வார்கள் என்று அறிந்தபின் அன்று, அறியாத அந்த வேளையிலேயே நாம் கதவைத் திறக்க வேண்டும்.