ஆழ்கடலில் அலையும் கருவிகள்

நேயர்களே, மழை கொட்டினால் ரப்பர் மரம் சீவும் வேலை நின்றுவிடும். அந்த மழைக்கு நீரும் வெப்பமும் தருவது கடல். ஆயினும் கடலின் ஆழத்தில் நடப்பதை மனிதன் அறியத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அந்த வரலாற்றை இன்று காண்போம்.

1872 முதல் 1876 வரை ‘சேலஞ்சர்’ என்னும் பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களை ஆராய்ந்தது. நீண்ட கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறக்கி, ஆழத்து நீரின் வெப்பத்தை அளந்தார்கள். ஆனால் கப்பல் நகர்ந்த பின் அங்கே என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது.

1955-ஆம் ஆண்டில் ஜான் ஸ்வாலோ என்னும் ஆங்கிலேய அறிஞர் எளிய வழி ஒன்றைக் கண்டார். கட்டடச் சாரத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாய்களைக் கொண்டு மிதவை செய்தார். ஆழம் கூடக் கூட நீர் நெருங்கிக் கனமாகும். குழாயோ அந்த அளவுக்குச் சுருங்காது. ஆகவே மிதவை கீழே போய், ஓர் ஆழத்தில் நின்று, நீரோட்டத்தோடு சென்றது. அது எழுப்பிய ஒலியைக் கப்பலில் கேட்டு, அதன் போக்கை அறிந்தார்கள்.

1957-இல் அட்லாண்டிக் கடலில், வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில், தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம் இருப்பதை இம்மிதவைகள் காட்டின. அமெரிக்க அறிஞர் ஹென்றி ஸ்டாமல் முன்பே கணித்துச் சொன்னது மெய்யாயிற்று.

ஒலியைக் கேட்கக் கப்பல் பின்தொடர வேண்டும் என்பதே குறை. 1990-களில், தானே மேலே வந்து துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் மிதவைகள் பரவலாயின. அவ்வழியில் பிறந்ததே ‘ஆர்கோ’ திட்டம்.

ஆர்கோ மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் அலையும். ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வரும். உள்ளிருக்கும் எண்ணெயை வெளியிலுள்ள பைக்குள் தள்ளினால் பை உப்பும், மிதவை எழும்பும். எண்ணெய் உள்ளே திரும்பினால் மூழ்கும்.

2007 நவம்பரில் மிதவைகளின் எண்ணிக்கை 3,000 ஆயிற்று. பூமியில் கூடிவரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது என்பதை உறுதியாகச் சொல்ல இவை துணை நிற்கின்றன.

மின்கலம் தீர்ந்தால் மிதவையின் ஆயுள் முடிந்தது. சில ஆண்டுகளே அது உழைக்கும். ஆகவே ஆண்டுதோறும் புதியவற்றை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பல நாடுகள் இச்செலவைப் பகிர்கின்றன. கிடைக்கும் அளவுகளையோ எல்லா நாட்டாரும் இலவசமாகப் பெறலாம். ஒருவர் கை ஓய்ந்தாலும் கடலில் ஓர் இடம் மீண்டும் இருளாகும். நேயர்களே, கூட்டு உழைப்பின் அருமையை நாம் அறிவோம் அல்லவா?