குளிர் தேடி வந்தவர்களும் கூலி தேடி வந்தவர்களும்

1925-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் மலாயாவின் கேமரன் மலைக்கு ஏறிவந்தபோது அவர் மனத்தில் இருந்தது தேயிலை அல்ல, ஆரோக்கியம். கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் அவர். சமவெளியின் புழுக்கத்திலும் காய்ச்சலிலும் வாடிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் ஊட்டி போல, நுவரெலியா போல ஒரு மலைவாசஸ்தலம் வேண்டும் என்று நினைத்தார். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-லேயே கண்டு சொன்ன மேட்டுநிலம் அது. நாற்பது ஆண்டுகளாகக் காடாகவே கிடந்தது. செமாய் பழங்குடியினர்தான் அங்கே வாழ்ந்தார்கள். பேராக்கின் தாப்பாவிலிருந்து மோட்டார் சாலை மேலே வந்து சேர 1931 ஆயிற்று. பிறகு பங்களாக்கள் எழுந்தன. 1934-இல் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளியும் வந்தது.

அந்தச் சாலை முழுதாக முடிவதற்கு முன்பே இன்னொரு கூட்டம் மலையேறிவிட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்னோடு சேர்ந்து, ஹபு பகுதியில் ‘போ’ தோட்டத்தைத் திறந்தார். செங்குத்தான சரிவில் இருந்த காட்டை அழித்துத் தேயிலை நட அவர்களிடம் இருந்தவை கோவேறு கழுதைகள், ஒரே ஒரு ஸ்டீம் ரோலர், மனிதக் கைகள். 1933-இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் வந்தது. இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளவும் களை வெட்டவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

ஒரே மலை. உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தவர்களுக்கு ஒரு சுகாதாரம், உடம்பைப் போட்டு உழைக்க வந்தவர்களுக்கு வேறொரு சுகாதாரம். இந்த வாரம் இரண்டாவதைப் பற்றித்தான் பேச வேண்டும். மலை பற்றிய சுற்றுலாப் புத்தகங்கள் முதலாவதை மட்டுமே சொல்லிப் பழகிவிட்டன.

தேயிலைத் தோட்டத்துக்கு வந்த சுகாதார விதிகள் மலையில் பிறந்தவை அல்ல. கீழே, கித்தா என்ற ரப்பர் தோட்டங்களில், முப்பது ஆண்டுகள் தமிழர் உடம்பின் மேல் கற்றவை. தொடக்கம் கிள்ளானில். 1901 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஊரே மலேரியாவில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தார். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகமும் சில வாரங்களில் காய்ச்சலில் முடங்கியது. வாட்சன் சதுப்பை வடித்தார், புதர்க்காட்டை வெட்டினார், வாய்க்கால் வெட்டினார். 1901-இல் அந்த இரண்டு ஊர்களிலும் சேர்த்து 582 சாவுகள். அடுத்த ஆண்டு 144.

இந்த வெற்றியைக் கண்ட துரைமார்கள் அதே முறையை மேட்டு நிலத்துக்கும் கொண்டுபோனார்கள். அங்கே எல்லாம் தலைகீழாயிற்று. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. காரணத்தையும் வாட்சனே கண்டுபிடித்துச் சொன்னார். தாழ்நிலத்தில் மலேரியாவைப் பரப்பியது நிழலில் தேங்கிய நீரில் வளரும் ஒரு கொசு. நிழலை எடுத்தால் அது ஒழிந்துவிடும். குன்றுப் பகுதியில் பரப்பியது ‘மாக்குலேட்டஸ்’ என்ற வேறொரு கொசு. அதற்கு வெயில் படும் ஓடைதான் வேண்டும், அதுவும் சலசலத்து ஓடும் தெளிந்த நீராக இருக்க வேண்டும். மரங்கள் மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. மரத்தை வெட்டி ஓடையில் வெயிலை விழவிட்டவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

சாக்கடையும் குட்டையும்தான் நோயைத் தரும், ஓடும் நீருக்குத் தோஷமில்லை என்பது நம் ஊர் நம்பிக்கை. மலையடிவாரத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்த ஒருவர், பாறைமேல் வழிந்தோடும் கண்ணாடி போன்ற நீரைப் பார்த்து எப்படிப் பயந்திருக்க முடியும்? அதில்தான் குளித்தார்கள், அதையே குடத்தில் மொண்டு போனார்கள்.

இதற்கு வாட்சனும் அவருக்குப் பின்வந்தவர்களும் கண்ட தீர்வுகள் இரண்டு. ஒன்று, ஓடையையே மண்ணுக்கடியில் புதைப்பது. பள்ளத்தின் அடியில் சுட்ட மண் குழாய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாகப் பதித்து, மேலே கல் பரப்பி, மண் போட்டு மூடிவிடுவார்கள். நீர் குழாய்க்குள் இறங்கி ஓடிவிடும், வெயில் அதைத் தொடாது. செலவு அதிகம். இரண்டாவது, எண்ணெய். முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் ஓடை ஓடையாக, ஊற்று ஊற்றாக இறங்கி நீரின்மேல் எண்ணெய் தெளிப்பார். மேலே படியும் மெல்லிய படலம் புழுவை மூச்சு முட்டக் கொன்றுவிடும். ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும் என்பதால் வாரம் தவறாமல் தெளிக்க வேண்டும். மழையில் வழுக்கும் பள்ளத்தில், அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே, ஒரு ஊற்றைக்கூட விடாமல் ஆண்டு முழுக்க நடந்த வேலை இது. தோட்டத்தில் சாவு குறைந்ததற்கு நிர்வாகிகளும் மருத்துவர்களும் பாராட்டுப் பெற்றார்கள். எண்ணெய் தெளித்தவரின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

கேமரன் மலைக்கு ஒரு சாதகம் இருந்தது. குளிர் கூடக் கூடக் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமி வளரும் வேகம் குறையும். அங்குள்ள தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் கடலைத் தாண்டி வந்தவர்கள் நேராக அந்த உயரத்தில் வந்து இறங்கவில்லை. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் காத்திருந்து, கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹமிலோ தொற்றுத்தடை முகாமில் அடைபட்டு, அங்கிருந்து தோட்டத்துக்கு வந்தார்கள். கீழே ஒரு தோட்டத்தில் வேலை செய்துவிட்டு மேலே வந்தவர் தன் ரத்தத்தில் காய்ச்சலையும் சேர்த்தே கொண்டுவந்தார். அதனால்தான் மலாயாத் தோட்டங்களில் அதிகாலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வரிசையாக நிறுத்திக் கொயினா என்ற மலேரியா மருந்தைக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. கசப்புத் தாங்காமல் துப்பிவிடுவார்கள் என்று, விழுங்கும் வரை நின்று பார்ப்பதும் உண்டு.

தமிழர்கள் கூடவே கொண்டுவந்த ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். அது புழுங்கல் அரிசி. அந்த நாளில் மலாயாவை உலுக்கிய பெரிபெரி நோய் கால்களை மரக்கச் செய்து, இதயத்தைச் செயலிழக்க வைத்து ஆட்களைக் கொன்றது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பலியானார்கள். பக்கத்திலேயே உழைத்த தமிழர்களைப் பெரும்பாலும் அது தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அரிசியைக் காட்டினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1909 வாக்கில் அதை நிலைநாட்டினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று பெயர் பெற்ற பொருள் அது. தஞ்சாவூர், திருச்சிப் பெண்கள் அண்டாவில் நெல் அவித்த வழக்கத்துக்கு மருத்துவ வரலாற்றில் இடம் உண்டு. நாம்தான் அதை உரக்கச் சொல்வதில்லை.

கழிப்பறை விஷயத்தில் இப்படி மனம் நிறைய எதையும் சொல்ல முடியவில்லை. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டார்லிங் குழு மலாயாவில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தோட்டத் தமிழர்களிடம் அது பரவலாக இருந்தது. மலம் கலந்த ஈர மண்ணில் புழு காத்திருக்கும், வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும், குடலில் தொங்கிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். உடம்பு வெளுத்து, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும். வேலைக்கு வராதவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? மருந்து கொடுத்தால் புழு விழும். ஆனால் மறுநாள் அதே மண்ணில்தான் நடக்க வேண்டும்.

கழிப்பறை கட்டினோம், கூலிகள் பயன்படுத்தவில்லை என்பது தோட்ட நிர்வாகங்களின் பழைய புகார். லயத்துக்குத் தொலைவில், விளக்கில்லாமல், கதவு சரியில்லாமல், பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கொட்டகை. இரவில் ஒரு பெண் அங்கே தனியாகப் போவாளா? அதைக் கழுவ நம் மக்களிலேயே ஒரு சாதியாரைத் தோட்டி என்று தனியே வைத்தார்கள். துரை அதை ஏற்பாடாகப் பார்த்தார், ஆட்களை மேற்பார்த்த கங்காணி வழக்கமாகப் பார்த்தார், மற்ற தொழிலாளர்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சொல்வார்கள். வாளியைத் தூக்கியவர் யார் என்று பார்த்தால் அது போகவில்லை என்பது தெரியும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்டத்தின் கடமையாக்கியது. அந்தக் காலகட்டத்திலிருந்து இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். 1936-இன் இறுதியில் இந்திய அரசு அனுப்பிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி வந்து சுற்றிப் பார்த்து, மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். தோட்டங்களிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று அப்போதே பலர் குறைப்பட்டார்கள். 1938-இல் இந்தியா கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. சட்டங்கள் வந்த வழியைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஆள் எளிதாகக் கிடைத்த காலத்தில் சுகாதாரம் செலவுக் கணக்கில் இருந்தது. ஆள் கிடைக்காத காலத்தில் அது முதலீடாகிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நோயாளியைக் குணப்படுத்துவதைவிட அனுப்பிவிடுவது மலிவு.

1941-இன் இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். கொயினா கிடைப்பது அரிதாயிற்று, எண்ணெய் தெளிப்பது நின்றது, பராமரிப்பில்லாத வடிகால்கள் தூர்ந்தன. நாற்பது ஆண்டுகளில் ஒடுக்கிய மலேரியா மலாயாவின் தோட்டங்களுக்கு மீண்டும் வந்தது. பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மலேரியாவும் காலராவும் அவர்களைக் குவியல் குவியலாகக் கொன்றன.

தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் வந்தது 1966-இல், விடுதலைக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. 1990-இல் அதைப் புதிதாக எழுதினார்கள். இன்று கேமரன் மலையில் கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறையப் பேர். கொரோனா காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவியபோது, 2020-இல், அந்தச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொது விடுதி அல்லாத குடியிருப்பின் படுக்கையறையில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்கிறது விதி.