பல்கலைக்கழகங்களே ஆசிரியர்களுக்கு வழங்கும் ஆராய்ச்சித் தொடக்க நிதி: எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கிடைக்கிறது?

புதுதில்லி: முனைவர் பட்டம் பெற்று, பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகப் பணியில் சேரும் இளம் ஆய்வாளரின் கையில் முதல் நாளில் கொடுக்கப்படுவது வகுப்பு அட்டவணை; ஆய்வகத்தின் சாவி அன்று. மத்திய அரசின் நிதி அமைப்புகளிடம் விண்ணப்பிக்க முதற்கட்டத் தரவுகள் வேண்டும். தரவுகளைத் திரட்டக் கருவியும் வேதிப்பொருள்களும் களப்பயணமும் வேண்டும். அவற்றுக்கு நிதி வேண்டும். இந்தச் சுழலிலிருந்து ஆசிரியரை வெளியே கொண்டுவருவதற்காகப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து வழங்கும் சிறு தொகையே ‘சீட் மணி’ எனப் பரவலாக அறியப்படும் ஆராய்ச்சித் தொடக்க நிதி. இந்த நிதி எங்கிருந்து வருகிறது, எவருக்குக் கிடைக்கிறது, எவ்வாறு செலவிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்க நிதி என்பது என்ன?

வெளி நிதி என்பது மத்திய, மாநில அரசுத் துறைகளும் நிதி அமைப்புகளும் தேசிய அளவிலான போட்டியின் அடிப்படையில் வழங்குவது. விண்ணப்பம், வல்லுநர் மதிப்பீடு, ஒப்புதல் எனப் பல மாதங்கள் செல்லும். உள் நிதி அவ்வாறன்று. நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அறிவிப்பு வெளியிடும். அந்நிறுவனத்தின் ஆசிரியர்கள் மட்டுமே போட்டியிடுவர். பல்கலைக்கழகம் அமைக்கும் குழுவே முடிவு செய்யும். தொகை சிறியது, காலமும் குறுகியது. நிறைவு பெற்ற பெரிய ஆய்வை இதிலிருந்து எவரும் எதிர்பார்ப்பதில்லை. வெளி நிதி கோரி விண்ணப்பிக்கும் தகுதியை ஆசிரியருக்கு ஏற்படுத்தித் தருவதே இதன் நோக்கம்.

பல்கலைக்கழகங்கள் இதனை வழங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவின் அளவுகோல்களில் மூன்றாவது, ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கப் பணிகள் குறித்தது. பல்கலைக்கழகங்களுக்கான அக்குழுவின் கையேட்டில், ஆசிரியர்களுக்கு நிறுவனம் வழங்கிய தொடக்க நிதியின் ஆண்டுச் சராசரி தனி அளவீடாகவே இடம்பெற்றது. 2016 முதல் வெளியிடப்பட்டு வரும் என்ஐஆர்எஃப் தேசியத் தரவரிசையிலும், ஒட்டுமொத்தப் பிரிவில் ஆராய்ச்சி மற்றும் தொழில்சார் செயல்பாடுகளுக்கு 30 சதவீத முக்கியத்துவம் அளிக்கப்படுகிறது. ஆசிரியரின் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பெண்ணையும் உயர்த்துகிறது.

நிதியின் ஊற்றுகள்

உள் நிதிக்கு நான்கு முக்கிய ஊற்றுகள் உள்ளன. முதலாவது, பல்கலைக்கழகத்தின் பொது நிதி. இரண்டாவது, வெளி நிதித் திட்டங்களுடன் சேர்ந்து வரும் மேல்நிலைச் செலவுத் தொகையும், தொழில் நிறுவனங்களுக்கு வழங்கும் ஆலோசனைப் பணியில் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பங்கும். மூன்றாவது, முன்னாள் மாணவர்களின் அறக்கொடை. நான்காவது, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள் ஆகியவற்றின் அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்த நிதியைச் செலவிடலாம் என 2019 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

இவற்றோடு, தேர்ந்தெடுக்கப்பட்ட சில நிறுவனங்களுக்கு மத்திய அரசின் தனி நிதியும் உண்டு. 2017-இல் அறிவிக்கப்பட்ட ‘சீர்மிகு கல்வி நிறுவனம்’ திட்டத்தின் கீழ், தேர்வாகும் அரசு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகளில் ரூ.1,000 கோடி வரை வழங்க வகை செய்யப்பட்டது. 2018-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பை ஐஐடி, தில்லி ஐஐடி ஆகியவையும், 2019-இல் சென்னை ஐஐடி, கரக்பூர் ஐஐடி, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவையும் அரசு நிறுவனங்கள் பிரிவில் இத்தகுதியைப் பெற்றன. ஆசிரியர்களுக்கான ஆராய்ச்சி நிதித் திட்டம் ஒன்றைத் தில்லிப் பல்கலைக்கழகமும், புதிய ஆசிரியர்களுக்கான தொடக்க நிதியைப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் இத்திட்டத்தின் கீழ் செயல்படுத்தின.

ஐஐடிகளில் இந்த நடைமுறை வேரூன்றியுள்ளது. சென்னை, ரூர்க்கி, கான்பூர் ஐஐடிகளில் புதிய ஆசிரியர்களுக்கான தொடக்க நல்கைகள் உள்ளன. கரக்பூர் ஐஐடி புத்தாக்க ஆராய்ச்சிக்கெனத் தனித் திட்டம் வைத்துள்ளது. தில்லி ஐஐடியில் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் இணைந்து மேற்கொள்ளும் ஆய்வுகளுக்கும் உள் நிதி உண்டு.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 81 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் அமைப்பில் பயில்வதாக நீதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. வெளித் திட்டங்களும் ஆலோசனைப் பணிகளும் குறைவாக உள்ள பல்கலைக்கழகத்தில் மேல்நிலைச் செலவுத் தொகையும் குறைவாகவே சேரும். அது குறைந்தால் உள் நிதி குறையும். உள் நிதி குறைந்தால் அடுத்த வெளித் திட்டத்துக்கான வாய்ப்பும் குறையும். தொடக்க நிதி எங்கே மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது அரிதாகக் கிடைக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுபவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. மேற்கு வங்கத்தின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்த்து அதுவும் 2019-இல் சீர்மிகு தகுதிக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மாநில அரசு தன் பங்கு நிதிக்கு உறுதியளிக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. தமிழக அரசு அத்தகுதி தேவையில்லை என 2020-இல் அறிவித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்க இரு முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. 2023-24 முதல் 2025-26 வரை ரூ.12,926.10 கோடி மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட ‘பிஎம்-உஷா’ திட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கட்டமைப்பை வலுப்படுத்துவதற்கானது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் ‘பேர்’ திட்டம், ஆராய்ச்சியில் முன்னணியில் உள்ள நிறுவனத்தை மையமாகக் கொண்டு, வளர்ந்துவரும் பல்கலைக்கழகங்களை அதனுடன் இணைக்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம்?

பெரும்பாலான உள் நிதித் திட்டங்கள் நிரந்தரப் பணியிடத்தில் உள்ள ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியவை. கௌரவ விரிவுரையாளர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் பாடச்சுமையில் நிரந்தர ஆசிரியர்களுக்கு இணையாக இருந்தபோதிலும், இந்த வாயில் அவர்களுக்குப் பெரும்பாலும் திறப்பதில்லை. பணியில் சேர்ந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற காலவரம்பு புதிய ஆசிரியர்களுக்கான நல்கைகளில் பொதுவாக இருக்கும். எனவே பணியாணை பெற்றவுடனேயே நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை அணுகி விதிகளைக் கேட்டறிவது நல்லது.

விண்ணப்பத்தில் ஆய்வுச் சிக்கல், முறையியல், காலவரையறை, செலவு மதிப்பீடு ஆகியவற்றுடன், இந்த ஆய்வின் முடிவைக் கொண்டு எந்த வெளி நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுவது பயன் தரும். மனிதர்களை உள்ளடக்கிய ஆய்வு எனில் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், விலங்குகளைக் கொண்ட ஆய்வு எனில் அதற்குரிய விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கட்டாயம். நிதி வந்தபின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் திட்டக் காலத்தின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

செலவிடுவதற்கான விதிகள்

அரசு நிதி சார்ந்த நல்கைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். நல்கையைப் பயன்படுத்தியதற்கான சான்றிதழை நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். தொகைக்குக் கிடைத்த வட்டியையும் அரசிடம் திருப்பிச் செலுத்த வேண்டும். வாங்கப்படும் கருவி ஆசிரியருடையதன்று. நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டில் அது ஏற வேண்டும்.

வரியும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். ஆராய்ச்சிக் கருவிகளுக்கு வழங்கப்பட்டு வந்த 5 சதவீதச் சலுகை ஜிஎஸ்டி வீதம் 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. 18 சதவீத வரிக்கு உட்பட்ட கருவிகளை ரூ.10 லட்சத்துக்கு வாங்கினால், அதில் ஏறத்தாழ ரூ.1.52 லட்சம் வரியாகவே செல்லும். விலைப்புள்ளி கேட்கும்போதே வரி உள்ளிட்ட தொகையைக் கேட்டுப் பெறாவிட்டால் செலவு மதிப்பீடு பொய்த்துப்போகும். ஆராய்ச்சி நல்கைகளின் மீதான ஜிஎஸ்டிக்கு விலக்களிக்க 2024 செப்டம்பர் 9 அன்று நடைபெற்ற ஜிஎஸ்டி கவுன்சிலின் 54-ஆவது கூட்டம் பரிந்துரைத்தது. அது நிறுவனம் பெறும் நல்கைக்கு உரியதே அன்றி, வாங்கும் கருவிக்கு உரியதன்று.

கொள்முதலில் சில தளர்வுகள் வந்துள்ளன. அறிவியல் ஆராய்ச்சிக்கான பொருள்களை விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்குவதற்கான வரம்பு 2025 ஜூனில் ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. கொள்முதல் குழு வழியாக வாங்குவதற்கான வரம்பும் ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.25 லட்சமாக உயர்ந்தது. சிறு தொகையைக் குறுகிய காலத்தில் செலவிட வேண்டிய ஆசிரியருக்கு இது பயனுள்ள மாற்றம்.

அடுத்த படி

உள் நிதியோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுபவை, யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பர் 5 அன்று அறிவித்த திட்டங்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கான டாக்டர் டி.எஸ்.கோத்தாரி ஆராய்ச்சி நல்கை 132 பேருக்கும், பணியில் உள்ள ஆசிரியர்களுக்கான நல்கை 200 பேருக்கும் தலா ரூ.10 லட்சம் வரை வழங்க அறிவிக்கப்பட்டது. இவை தேசிய அளவிலான போட்டிகள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி ஆசிரியர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 16 லட்சம் என்பதை எண்ணிப் பார்த்தால், பல்கலைக்கழகங்களின் உள் நிதி ஏன் தவிர்க்க இயலாதது என்பது விளங்கும்.

இதற்கு அடுத்த நிலையில் இருப்பது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இந்த அமைப்பு 2024 பிப்ரவரி 5 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதனுள் அடங்கியது. 2023 முதல் 2028 வரை ரூ.50,000 கோடி இதற்கெனத் திட்டமிடப்பட்டது. இளம் ஆசிரியர்களுக்கான பிரதமர் ஆரம்பநிலை ஆராய்ச்சி நல்கை இதன் திட்டங்களுள் ஒன்று. சமூக அறிவியல் துறையினர் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவை அணுகலாம்.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுக்கான செலவு 2020-21-இல் 0.64 சதவீதமாக இருந்தது. அதனை உயர்த்துவது அரசுகளின், தொழில்துறையின் பொறுப்பு. ஆனால் புதிய ஆசிரியர் ஒருவர் முதல் மூன்று ஆண்டுகளில் ஆய்வாளராக நிலைபெறுவாரா, அல்லது வகுப்பறைப் பணியோடு நின்றுவிடுவாரா என்பது பெரும்பாலும் அவருடைய பல்கலைக்கழகத்தின் ஒரு பக்க அறிவிப்பையும், அதைப் பார்த்து உரிய நாளுக்குள் அவர் விண்ணப்பித்ததையும் பொறுத்தே அமைகிறது.