அல்லிக் குளத்து வண்டு

பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள், கேரளத்தில் வாழ்வோர் 'ஆப்பிரிக்கப் பாயல்' என்னும் நீர்க்களையை நன்கறிவர். வாய்க்காலை அடைத்து, மதகில் திரண்டு, படகோட்டத்தையும் நெல் விளைவையும் கெடுத்த களை அது. இந்தியாவில் அதனை வென்ற வரலாறு, நாம் வாழும் பெங்களூரில், ஓர் அல்லிக் குளத்தில் தொடங்கிற்று.

ஆப்பிரிக்காவின்மீது சுமத்தப்பட்டது வீண்பழியே. அக்களையின் தாயகம் தென்கிழக்குப் பிரேசில். அறிவியலாரும் நெடுங்காலம் அதனை வேறோர் இனமென மயங்கி, அவ்வினத்துப் பூச்சிகளைக் கொணர்ந்து விட்டுப் பயன் காணாது சலித்தனர். 1972-இல் அது தனியினம் எனத் தெளிந்த பின்னரே, தாயகம் தேடிச் சென்று அதன் உண்மைப் பகையைக் கண்டனர். கடுகளவே உள்ள கூன்வண்டு அது! வண்டு மொட்டுகளைத் தின்னும். புழு தண்டைக் குடையும்.

1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் விடப்பட்டு வெற்றி கண்ட அவ்வண்டு, 1982-இல் அங்கிருந்து பெங்களூருக்கு வந்தது. அயல்நாட்டுப் பூச்சி நம் பயிரையும் தின்னுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே பல்வேறு செடிகளை அதற்கு அளித்துச் சோதித்தனர். வேறெதனாலும் அது பிழைக்காது எனத் துணிந்த பின்னரே வெளியே விட்டனர். பதினொரு மாதங்களில் குளம் தெளிந்தது. நசுங்கிக் கிடந்த அல்லி மீண்டும் தழைத்தது.

கேரளத்திலும் வண்டு விடப்பட்டது. ஹெக்டேருக்கு 235 ரூபாய் கூலி கொடுத்துக் களையை அள்ளிவந்த குட்டநாட்டு உழவருக்கு, 1988 வாக்கில் அச்செலவு பெரும்பாலும் ஒழிந்தது.