குறிப்பேட்டிலிருந்து கோமாளி வரை: தென்சென்னைப் புறநகர் பார்த்த தொலைக்காட்சிச் சமையல்

தமிழ்த் தொலைக்காட்சியில் சமையல் நெடுங்காலம் பாடமாக இருந்தது. இன்று அது போட்டி, கூத்து, ஊர்சுற்றல். மாஸ்டர்செஃப் போன்ற வெளிநாட்டு வடிவங்கள் நுழைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்பது பலர் சொல்லும் விளக்கம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது முழுதாகப் பொருந்தவில்லை. போட்டி வந்த பிறகும் பாடம் அதன் பக்கத்திலேயே இருந்தது. அதைத் திரையிலிருந்து இறக்கியது கைபேசி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர்ப் பகுதிகளைக் களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதலே இது வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறும் பகுதி. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்ததும் வேலைக்குப் போகும் பெண்களும் பெருகினார்கள். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாத தனிக்குடித்தனத்தில், குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்க ஆள் கிடையாது. 1951இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பிய புத்தகங்களில் ஒன்று. 1980களின் இறுதியிலிருந்து மல்லிகா பத்ரிநாத்தின் நூல்களும் சேர்ந்துகொண்டன.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. ஆனால் சமையல் நிகழ்ச்சி அன்றாட வழக்கமானது 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்து, கேபிள் இணைப்பு தெருத்தெருவாகப் பரவிய பிறகுதான். அதே 1993இல் இந்தியில் சஞ்சீவ் கபூரின் ‘கானா கஜானா’ பாடமாகவும், ஜப்பானில் ‘அயர்ன் செஃப்’ மல்யுத்தம் போன்ற போட்டியாகவும் தொடங்கின. நம் ஊர் பாடத்தின் பக்கம் நின்றது.

அந்தப் பாடம் எப்படிக் கற்கப்பட்டது என்பதற்குச் சான்று, வங்கியோ மளிகைக் கடையோ கொடுத்த பழைய டைரிகள். இரண்டாயிரத்துக்கு முந்தைய புறநகர் வீடுகளில் அநேகமாக ஒன்றாவது இருக்கும். ‘தனியா 2 டீஸ்பூன், மி. வத்தல் 6’ என்று ஓட்டமாக எழுதிய கையெழுத்து, எண்ணெய்க் கறை, நடுவில் விட்டுப்போன வரி. கரண்ட் போனதாலோ குக்கர் விசில் அடித்ததாலோ விட்டுப்போன அந்த வரிதான் தொலைக்காட்சிப் பாடத்தின் பெரிய குறை. திரையை நிறுத்தி, ‘மறுபடி சொல்லுங்க’ என்று கேட்க முடியாது. அரை மணியில் முடிக்க வேண்டும் என்பதால் வெந்து முடிந்த இன்னொரு சட்டியை எடுத்து வைத்துவிடுவார்கள். வேகும் நேரமும் பதமும் பார்ப்பவருக்குத் தெரியாமலே போகும்.

இந்தக் குறைக்குள்ளேயும் நல்ல வேலை நடந்தது. கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் செட்டிநாட்டுப் பக்குவங்களைப் பல சேனல்களில் சொல்லிக்கொடுத்தார். ‘ஆஹா என்ன ருசி’ நடத்திய ஜேக்கப் சகாயகுமார் அருணி கொங்கு நாட்டுச் சமையலைத் தேடிப்போய் ஆராய்ந்தவர். வட்டாரச் சமையலுக்குத் திரையில் மரியாதை தேடிக்கொடுத்தவர்களில் அவரை முதல் வரிசையில் வைப்பேன். 2012 நவம்பரில் 38 வயதிலேயே அவர் மறைந்தது இத்துறைக்குப் பேரிழப்பு.

2010இல் ‘மாஸ்டர்செஃப் இந்தியா’ தொடங்கியது. அதே ஆண்டில் செஃப் தாமு 24 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து சமைத்துக் கின்னஸில் இடம்பிடித்தார். சமையல் ஒரு பந்தயமாகவும் பார்க்கப்படத் தொடங்கிய தருணம் அது. விஜய் டிவியில் ‘கிச்சன் சூப்பர் ஸ்டார்’ என்ற போட்டி வந்தது. ஆனால் அதே சேனலில் செஃப் வெங்கடேஷ் பட் ‘சமையல் சமையல்’ என்று அளவு சொல்லிச் சமைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தார்கள். போட்டி பாடத்தைத் துரத்தவில்லை.

துரத்தியது 2016 செப்டம்பரில் வந்த ஜியோ கைபேசிச் சேவையும், அதைத் தொடர்ந்து மலிவான டேட்டாவும். கைபேசியை மிக்ஸி மேல் சாய்த்து வைத்து, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கலாம். டைரியில் விட்டுப்போன வரிக்கு அங்கே வேலையே இல்லை. 2018இல் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அது பாடமே அல்ல, வயல்வெளியில் நடக்கும் விருந்து. ஆனால் சமையல் பார்க்கும் கூட்டம் எங்கே இடம் மாறியது என்பதை அது காட்டிவிட்டது.

பாடம் போன பிறகு தொலைக்காட்சிக்கு மிஞ்சியது, குடும்பமாகச் சோபாவில் உட்கார்ந்து சிரிப்பது. 2019 நவம்பரில் வந்த ‘குக்கு வித் கோமாளி’ அதைச் சரியாகப் பிடித்தது. சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைக் கோர்த்துவிடுவதுதான் அதன் சூத்திரம். குக் வாயால் மட்டும் சொல்ல, கோமாளி செய்ய வேண்டிய சுற்றுகளில் எல்லாம் தலைகீழாகும். கோமாளிகளான புகழும் பாலாவும் சிவாங்கியும் கெடுத்த உணவுதான் பேச்சானது. ஜெயித்த உணவு எதுவென்று இன்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. நீண்ட காலம் சமையல் சொல்லிக்கொடுத்த தாமுவும் பட்டும் நடுவர்களாக அமர்ந்து சிரித்தார்கள்.

மாறாக, 2021இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய ‘மாஸ்டர்செஃப்’ தமிழ்ப் பதிப்பு சமையலை மட்டுமே நம்பியது. சன் டிவியில் ஒரு பருவத்தோடு நின்றது. அடுத்த பருவம் 2024இல் சோனிலிவ் தளத்துக்குப் போனது, அதாவது கைபேசிக்கு. கோமாளியோ 2025இல் ஆறாம் பருவம் கண்டது. பட்டின் வழி இன்னும் தெளிவான சான்று. திரையில் நடுவராக இருந்தபடியே, ‘இதயம் தொட்ட சமையல்’ என்று யூடியூப் சேனல் தொடங்கி அங்கே கிராம் கணக்கில் அளவு சொன்னார். ஒரே மனிதர், இரண்டு திரைகள், இரண்டு வேலைகள்.

உணவுப் பயண நிகழ்ச்சியின் கதை சற்று வேறு. 2007இல் ஆங்கிலத்தில் வந்த ‘ஹைவே ஆன் மை பிளேட்’ நெடுஞ்சாலைத் தாபாக்களைத் தேடியது. சென்னையின் ராகேஷ் ரகுநாதன் கோயில் பிரசாதங்களையும் பழைய பக்குவங்களையும் தேடித் தென்னகம் சுற்றினார். உணவுக்குப் பின்னால் வரலாறு உண்டு என்று காட்டிய வகையில் அவை நல்ல தொடக்கம். பிறகு கேமராவும் கைபேசிக்குள் வந்தது. இப்போது தாம்பரத்துக்காரர்களுக்கு இந்த வடிவம் நேரடியாகப் பயன்படுகிறது. ஜி.எஸ்.டி. சாலை தெற்கே போகும் வாசல். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பின் அது இன்னும் உறுதியாயிற்று. பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பம் மதுராந்தகத்தில் எங்கே நிறுத்துவது, விழுப்புரம் தாண்டி எங்கே சாப்பிடுவது என்பதை வீடியோ பார்த்தே முடிவு செய்கிறது. பல்லாவரம் யா மொய்தீன் போன்ற கடைகளின் பிரியாணியைத் தேடி நகரத்துக்குள்ளிருந்து ஆட்கள் புறநகருக்கு வருவதும் நடக்கிறது.

ஆனால் இந்த வீடியோக்களில் கேமரா சாப்பிடுகிறவர் முகத்திலேயே நிற்கிறது. ‘வேற லெவல்’ என்பதற்கு மேல் சுவைக்குச் சொல் கிடைப்பதில்லை. விறகடுப்பின் முன் நிற்கும் பிரியாணி மாஸ்டரிடம் இந்த அரிசி என்ன ரகம், தம் எத்தனை நேரம் என்று கேட்பவர்கள் குறைவு. அவர் மூடியைத் திறக்கும் அந்த ஆவிதான் காட்சிக்கு வேண்டும். அது கிடைத்ததும் கேமரா மேசைக்குத் திரும்பிவிடுகிறது.